மெதுவாகப் போகும் குண்டு

விதைத்த உழவுசால் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் காட்டுப்பன்றி அதை விடாது. மூக்கை மண்ணுக்குள் செருகி, தண்டவாளத்தில் ரயில் போவது போல அந்தக் கோட்டிலேயே நடக்கும். ஒரு விதை தப்பாது. ஆல்பின் மரெக் அந்த வருடம் முதலில் போட்ட மக்காச்சோளம் அப்படித்தான் போயிற்று. முளை கிளம்புவதற்குள் எண்பது ஏக்கரில் பாதிக்கு மேல் காலி. அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றதை உழுது மூடிவிட்டு, மார்ச் நடுவில் மறுபடி விதைத்தான்.

அதற்கு மேல் ஒரு விதைப்பு கிடையாது. அதைவிடத் தள்ளிப் போட்டால், கதிர் பிடிக்கிற நேரத்தில் டெக்சஸ் வெயில் வந்து பூந்தாதைப் பொசுக்கிவிடும். தட்டை நிற்கும், மணி இருக்காது.

நிலம் அவனுடையது அல்ல. வ்லாஸ்டா என்கிற கிழவிக்குச் சொந்தமானது. அவள் இருந்தவரை அவன் வாரத்துக்கு உழுதான். விளைந்ததில் மூன்றில் ஒரு பங்கு அவளுக்கு, மீதி அவனுக்கு. எழுத்து எதுவும் இல்லை, வாய்ச்சொல்தான். கிழவி செத்த பிறகு டாலஸில் இருக்கும் அவள் மருமகன் முறைப் பையன் கர்ட் கைக்கு வந்தது. கர்ட் நல்லவன். அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

"ஆல்பின்ணே, சூரியத் தகடு கம்பெனிக்காரங்க நிலத்தைக் கேட்டு விடாம கூப்பிடறாங்க. போன வருஷம் மழையில்லாம போச்சு, அது உங்க தப்பில்ல, ஒத்துக்கறேன். இந்த வருஷம் ஒரு வெள்ளாமை வீடு வந்து சேரட்டும், அவங்களுக்கு முடியாதுன்னு சொல்லிடறேன். இதுவும் போச்சுன்னா என் அக்காங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று ஜனவரியிலேயே போனில் சொல்லிவிட்டான்.

ஆல்பினுக்கு வயது ஐம்பத்தெட்டு. பகலில் மாட்டுத்தீவன ஆலையில் மூட்டை ஏற்றுகிறவன். இடுப்பு போய்விட்டது, வலது தோள் காதுக்கு மேல் எழும்பாது. ஆலையில் அவன் ஒரு கூலி. அந்த எண்பது ஏக்கரில் கால் வைத்தால்தான் குடியானவன். அதுவும் போய்விட்டால் தான் யார் என்று அவனுக்கே சொல்லத் தெரியாது.

ஆகவே அந்த விதை மண்ணுக்கு மேல் தலைகாட்டுகிற வரையில் பன்றிகளை அண்ட விடக்கூடாது. மொத்தமே அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு ஒரு கிழட்டுப் பெட்டை தலைமை. இடது காது கிழிந்து தொங்கும். ஆல்பினின் மைத்துனன் ராய்ஸ் அவளுக்கு ஹெட்மிஸ்டிரஸ் என்று பெயர் வைத்திருந்தான். போன இலையுதிர்காலத்தில் ஆற்றுப் பள்ளத்தின் ஓரம் கம்பிவலைப் பட்டி கட்டி, உள்ளே புளித்த சோளம் கொட்டி, கதவு தானே விழுகிற மாதிரி வைத்தார்கள். அறிவு கெட்ட நாலு குட்டிகள் உள்ளே போயின. அவள் வெளியே நின்று கதவு விழுவதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூடப் பட்டிப் பக்கம் வந்ததில்லை.

மிஞ்சியது துப்பாக்கிதான். அதில் எந்தத் தோட்டா என்பதில்தான் மச்சானுக்கும் மைத்துனனுக்கும் தகராறு.

கொட்டகையில், மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா கட்டுகிற பிரஸ் முன்னால் ஆல்பின் உட்கார்ந்திருந்தான். கதவில் சாய்ந்துகொண்டு ராய்ஸ் பீர் குடித்தான்.

"மச்சான், நீ பன்னி சுடப் போறியா, பன்னிக்குத் தாலாட்டு பாடப் போறியா?"

"பீரைக் குடிச்சமா போனமான்னு இரு."

"இல்ல, கேக்கறேன். செம்புக் குண்டு இருக்கு, வேகமாப் போறது. தோள்ல வெச்சா ஹெட்மிஸ்டிரஸ் நின்ன இடத்துலயே மண்டி போட்டுடுவா. கதை முடிஞ்சுது. நீ என்னடான்னா இந்த நத்தைக் குண்டைக் கட்டிக்கிட்டு அழுவறே."

"வேகக் குண்டு போட்டா மிச்சம் இருக்கறதுங்க என்ன பண்ணும்?"

"ஓடும்."

"ஓடி?"

"ஓடி… எப்பவாவது திரும்ப வரும்."

"எப்பவாவது இல்ல மாப்ளே, மறுநாளே வரும். அந்தக் கெழட்டுப் பன்னிக்குக் கீழ ரெண்டு பெட்டைங்க இருக்கு, ரெண்டுக்கும் குட்டி. ஒருத்தி போனா இன்னொருத்தி கூட்டிக்கிட்டு வருவா. எனக்கு ஒண்ணு செத்துப் பிரயோசனம் இல்ல. மொத்தமும் விழணும்."

துப்பாக்கி முனையில் ஒரு சைலன்சர் திருகியிருந்தது. தெரியாதவர்கள் அது எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும் என்று நினைப்பார்கள். அது விழுங்குவது மருந்து வெடிக்கிற சத்தத்தை மட்டும். சத்தத்தைவிட வேகமாகப் போகிற குண்டு, போகிற வழியெல்லாம் சாட்டை சொடுக்கின மாதிரி தானே ஒரு சத்தம் போடும். அதை எந்தச் சைலன்சராலும் அடக்க முடியாது. அந்தச் சொடுக்கு கேட்டால் பன்றிக் கூட்டம் காற்றில் உமி போலப் பறந்துவிடும். குண்டு சத்தத்தைவிட மெதுவாகப் போனால் சொடுக்கு இல்லை. பக்கத்தில் ஒன்று விழுந்தாலும் மற்றவை தலையைத் தூக்கி, என்ன ஏதென்று புரியாமல் அங்கேயே முழிக்கும். நிதானமாக ஒவ்வொன்றாகச் சாய்க்கலாம்.

ஆனால் மெதுக்குண்டிலும் வில்லங்கம் இருந்தது. கடையில் விற்கிற கனத்த மெதுக்குண்டை அவன் போட்டுப் பார்த்திருக்கிறான். பின்னல் ஊசி மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்துவிட்டது, பூப்போல விரியவே இல்லை. பன்றி ஆற்றுப் பள்ளம்வரை ஓடி, எங்கோ புதருக்குள் கிடந்து நாறிற்று. இப்போது அவன் எடுத்திருந்தது மெதுவாகப் போனாலும் விரிகிற மாதிரி முனையில் வெட்டுக் கொடுத்த குண்டு. அது நன்றாக விரிய வேண்டுமானால் வேகம் எல்லையை ஒட்டி இருக்க வேண்டும். சத்தத்தின் வேகத்துக்குக் கொஞ்சமே கொஞ்சம் கீழே. மருந்தைத் துளித்துளியாகக் கூட்டி, சொடுக்கு வராத கடைசி அளவு எதுவோ அதில் நிறுத்தினான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இருவரும் கொட்டகைக்குப் பின்னால் சுட்டுப் பார்த்தார்கள். மெத்தையில் தலையணை விழுகிற சத்தம்தான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வேலியோரம் மேய்ந்த மாடுகூடத் திரும்பவில்லை. வைத்திருந்த ஈர மணல் மூட்டைக்குள் குண்டு நாலு இதழாக விரிந்து கிடந்தது.

ராய்ஸ் அதை விரலில் உருட்டிப் பார்த்தான். "சரி மச்சான், ஒத்துக்கறேன். தாலாட்டு நல்லாத்தான் இருக்கு."

அன்றைக்கு ராத்திரி ஆல்பின் இடுப்பு வலியை மறந்து தூங்கினான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை வியர்த்துக் கொட்டிற்று. மூன்று மணிக்கு வடக்கே வானம் கருநீலமாகத் திரண்டது. ஆலைக் கதவைக் காற்று அறைந்தது. அங்கே மார்ச் மாதத்தில் அப்படி வரும். காலையில் பனியனோடு நிற்கிறவன் சாயங்காலம் கம்பளிக்கோட்டைத் தேடுவான்.

வீட்டில் அவன் மனைவி பெர்னிஸ் முட்டைக்கோஸ் ஊறுகாயோடு சாசேஜ் வறுத்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவள்.

"விதைக்குக் குளிர் ஆவாதேய்யா," என்றாள்.

"ஆவாது. முளை இன்னும் நாலு நாள் தள்ளிப் போவும்."

"அப்ப பன்னிக்கு நாலு நாள் கூட."

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரேன் பெர்னி."

"நான் சும்மா இருந்தா பன்னி சும்மா இருக்குமா?" என்று அவன் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள். "நாளைக்குப் போறியா?"

"விடியறதுக்கு முன்னாடி. காத்து வடக்கேயிருந்து வருது. பன்னிங்க வடக்குப் பள்ளத்துலேர்ந்து வரும், நான் தெக்குப் பரண்ல இருப்பேன். என் வாடை அதுங்களுக்குப் போவாது. இதவிட நல்ல காத்து கிடைக்காது."

உண்மையாகவே அவனுக்கு அந்தக் குளிர்காற்று ஒரு வரமாகத்தான் பட்டது. விதையைப் பற்றி நினைத்தான், விரல் மரத்துப் போகுமே என்று நினைத்தான், வாடையைப் பற்றி நினைத்தான். தோட்டாவைப் பற்றி நினைக்க ஒன்றுமில்லை. அது செவ்வாய்க்கிழமையே முடிந்த சங்கதி.

சனிக்கிழமை வெளுக்கிற நேரத்தில் அவன் பரணில் இருந்தான். மூச்சு வெள்ளையாக வந்தது. கரிசல் மண்மேல் சர்க்கரை தூவினது போல உறைபனி. வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு வந்தபோது பள்ளத்து விளிம்பில் ஒரு புதர் நகர்ந்தது. ஹெட்மிஸ்டிரஸ். கிழிந்த காதோடு வெகுநேரம் அசையாமல் நின்றாள். பிறகு நடந்தாள், பின்னால் கூட்டம் முழுக்க வந்தது. சின்னப் பெட்டைகள், எலிக்கூட்டம் போலக் குட்டிகள், ஒதுங்கி ஒரு ஆண்.

அவனுக்கு எழுபது கஜத்தில் ஒரு விதைச்சாலைப் பிடித்தார்கள். மூக்கு மண்ணுக்குள் போனது.

அவளைத்தான் முதலில் சாய்க்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் துப்பாக்கி தூக்குகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவளை மறைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெட்டை கூடவே நடந்தது. கிழவியின் மூக்கும் பின்புறமும்தான் தெரிந்தன. அவன் காத்திருந்தான். அவர்கள் தின்றுகொண்டே வந்தார்கள். காற்று இந்தப் பக்கமாக அடித்ததால் அவர்கள் உறுமுவதும் மெல்லுவதும் நன்றாகக் கேட்டது. அது தன் விதை. ஒவ்வொரு அடிக்கும் போய்க்கொண்டே இருக்கிற தன் விதை. கதிர் வீடு வந்து சேர்ந்தால் முடியாதென்று சொல்லிவிடுகிறேன் என்ற கர்ட்டின் குரல் காதுக்குள் ஓடிற்று. அவனால் பொறுக்க முடியவில்லை. சின்னதைச் சாய்த்தால் என்ன? சத்தம்தான் வராதே. அது விழட்டும், கிழவி முழித்துக்கொண்டு நிற்பாள், அப்போது தோள் முழுசாகத் தெரியும்.

சின்னப் பெட்டையின் காதுக்குக் கீழே குறிக்கண்ணாடியின் புள்ளியை வைத்து விசையை இழுத்தான்.

சாட்டை சொடுக்கினாற்போல வானம் கிழிந்தது.

தன் துப்பாக்கிதான் அது என்று அவனுக்கு முதலில் புரியவில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வேறு எவனோ சுட்டுவிட்டான், பாவி கெடுத்துவிட்டான் என்றுதான் நினைத்தான். சின்னப் பெட்டை விழுந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் வெறும் மண். கிழவி பள்ளத்தை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டிருந்தாள். அவன் அவள் பின்னால் சுட்டான், மறுபடி சுட்டான், மறுபடியும். ஒவ்வொன்றுக்கும் அந்தச் சொடுக்கு. ஓடுகிற எதன் மேலும் படவில்லை. கனத்த குண்டு அவளுக்குப் பின்னால் மண்ணைத்தான் தெறிக்கவிட்டது. பள்ளத்து விளிம்பில் எல்லோருக்கும் கடைசியாக ஒரு குட்டி தடுக்கி விழுந்து, எழுந்து, மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் ராய்ஸின் பிக்கப் வயலோரம் வந்து நின்றது. ஜன்னலை இறக்கிக்கொண்டே கத்தினான்.

"ஏன் மச்சான் கடைசி நேரத்துல வேகக் குண்டைப் போட்டே? என் வீட்டு வரைக்கும் கேக்குது. நாய் கட்டிலுக்கு அடியில பூந்துடுச்சு!"

"போடல."

"பின்ன என்ன, வானத்துலயிருந்து இடியா விழுந்துச்சு?"

ஆல்பின் தோட்டாப் பெட்டியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தான். மேலே இருந்தது அதே நீளமான குண்டு, அவன் கட்டினது. ராய்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"செவ்வாக்கிழமை சுட்டுப் பாத்தமே, அன்னிக்கு என்ன போட்டிருந்தே?"

"இதேதான். இதே மருந்து, இதே குண்டு."

"அதில்ல. ஒடம்புல என்ன போட்டிருந்தே?"

"பனியன்."

ராய்ஸ் திரும்பி வண்டிக்குள் முகப்பைப் பார்த்தான். வெளிக்காற்றின் சூட்டைக் காட்டுகிற எண் அங்கே பச்சையாக எரிந்தது. ஃபாரன்ஹீட் கணக்கில் முப்பத்தொன்று. தண்ணீர் உறைகிற குளிர். செவ்வாய்க்கிழமை அது எண்பதைத் தாண்டி இருந்தது. அவன் எஞ்சினை அணைத்தான்.

ஆல்பினுக்கு அப்போதுதான் உறைத்தது. சூட்டில் சத்தம் விரைவாக ஓடும், குளிரில் அதன் கால் தளரும். அது அவன் அறியாத சமாசாரம் இல்லை, சுடுகிறவன் எவனும் அறியாததில்லை. சூடான நாளில் சத்தத்தை எட்டிப் பிடிக்காத குண்டு, உறைபனி நாளில் அதே வேகத்தில் போய் அதை முந்திவிட்டது. எல்லையை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினவன் அவன்தான். எல்லை ஒரே இடத்தில் நிற்கும் என்று நம்பினவனும் அவன்தான்.

"நானும் பக்கத்துலதானே நின்னேன் மச்சான்," என்றான் ராய்ஸ். "எனக்கும் தோணலயே."

"நீ வேகக் குண்டு போடச் சொன்னே."

"அதை விடு."

"கிழவியாவது போயிருப்பா."

"விடுன்னு சொல்றேன்ல."

செத்த பெட்டையை இருவரும் காலைப் பிடித்து இழுத்து வயலுக்கு வெளியே போட்டார்கள். அதன் வாயில் மண்ணும் மக்காச்சோளமும் இருந்தன. பூச்சிமருந்து தடவின ரோஸ் நிற விதை, பாதி மென்றது.

அன்று மத்தியானமே அவன் மருந்தைக் குறைத்துப் புதிதாகத் தோட்டா கட்டினான். குளிருக்கும் தாங்குகிற அளவு. ஞாயிறு காலை, உறைபனியில் நின்று சுட்டுப் பார்த்தான். தலையணை விழுகிற சத்தம். குண்டும் விரிந்தது, முன்னளவுக்கு இல்லையென்றாலும் போதுமான அளவுக்கு. சரியான தோட்டா கைக்கு வந்துவிட்டது. சுடத்தான் எதுவும் வரவில்லை. ஹெட்மிஸ்டிரஸ் அதற்குப் பிறகு வெளிச்சத்தில் தலைகாட்டவில்லை. இருட்டில் வந்தாள், இருட்டிலேயே போனாள். இருட்டில் பார்க்கிற கண்ணாடி அவனிடம் இல்லை. ராய்ஸ் எங்கெங்கோ கேட்டுப் பார்த்தான், இரவல் கொடுக்க ஆள் இல்லை. எல்லோருக்கும் அவரவர் வயல், அவரவர் பன்றி.

ஆல்பின் பிக்கப்பை வயலுக்குள் நிறுத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டு ராக்காவல் இருந்தான். தெற்கே அவன் இருந்தால் அவர்கள் வடக்கே தின்றார்கள். வடக்கே போனால் கிழக்கே. காலையில் ஆலைக்குப் போய் மூட்டை தூக்கினான். ஒருநாள் மூட்டையோடு அப்படியே நின்று தூங்கிவிட்டான். மேஸ்திரி தோளைத் தொட்டு, "வீட்டுக்குப் போ தாத்தா," என்றான். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, இரக்கத்தோடு சொன்னான். கிண்டலாகச் சொல்லியிருக்கலாம்.

ஒரு விடியற்காலை பெர்னிஸ் காபியோடு வயலுக்கு வந்தபோது, அவன் சாலின் மேல் முட்டி போட்டு விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். ஒரு குழி. அடுத்தது குழி. அதற்கடுத்ததும் குழி. எங்காவது ஒரு விதை இருக்குமா என்று குழந்தை சட்டைப்பையைத் துழாவுகிற மாதிரி துழாவினான்.

"எந்திரிய்யா."

"இந்த சால்ல இருக்கணும் பெர்னி. இந்தப் பக்கம் நேத்து நான்தான் இருந்தேன்."

"எந்திரி. முட்டி நனையுது."

கர்ட்டுக்கு அவனேதான் போன் செய்தான். வேறு யாராவது சொல்லிக் கேள்விப்படுவதைவிட அது மேல் என்று பட்டது. முழுவதையும் சொன்னான், தோட்டா விஷயத்தைத் தவிர. அதைச் சொல்ல வாய் வரவில்லை. கர்ட் பொறுமையாகக் கேட்டான்.

"ரொம்ப வருத்தமா இருக்குண்ணே. நீங்க எவ்வளவு பாடுபட்டீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றான். பிறகு தயங்கி, "ஒரு உதவி. கம்பெனிலேர்ந்து அளக்கறவங்க வருவாங்க. நிலத்துல ஒண்ணும் நிக்காம சுத்தமா இருந்தா அவங்களுக்கு வசதின்னாங்க. முடிஞ்சா ஒரு தடவை உழுது விட்டுடறீங்களா?"

"விட்டுடறேன்," என்றான் ஆல்பின்.

தார்ரோட்டை ஒட்டி, மதகுக்குப் பக்கத்தில், வண்டிகளுக்குப் பயந்து பன்றிகள் வராத ஒரு துண்டு நிலம் இருந்தது. அங்கே மட்டும் விதை தப்பியிருந்தது. உழப் போன அன்று அது முளைத்திருந்தது. இரண்டு இலை விட்டு, கோடு கிழித்தாற்போல, ஒரு முளைகூடக் குறையாமல், கரிசல் மண்ணில் பச்சையாக நின்றது. அவன் விதைத்ததிலேயே அவ்வளவு ஒழுங்காக எந்த வருடமும் முளைத்ததில்லை.

பெர்னிஸ் வேலியோரம் காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள்.

"அதை மட்டும் விட்டுடேன்யா. சமைச்சுத் திங்கவாவது ஆவும்."

"அது மாட்டுச் சோளம் பெர்னி. சமைச்சா வேவாது."

"வேவாட்டி போவுது. நிக்கட்டுமே."

"எதுக்கு நிக்கணும்?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் டிராக்டரை முன்னால் விட்டான். வட்டத் தகடுகள் மண்ணைப் புரட்டிக்கொண்டு வந்தன. பச்சை உள்ளே போயிற்று, கறுப்பு மேலே வந்தது. மதகின் ஓரம்வரை போய் முடித்தபோது எண்பது ஏக்கரும் ஒரே நிறமாக இருந்தது.

வேலை முடிந்துவிட்டது. டிராக்டரை வெளியே எடுக்க வேண்டியதுதான். ஆனால் எடுத்து எங்கே கொண்டுபோவது என்று அவனுக்குத் தெரியவில்லை. திருப்பினான். உழுத இடத்திலேயே மறுபடி உழ ஆரம்பித்தான்.